சர்ஜோனோவுக்குக் காது கேட்காமல் போன சனிக்கிழமை

இந்த ஞாயிற்றுக்கிழமை கூரை ஏறுவதில்லை என்று சர்ஜோனோ முடிவெடுத்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் ஏறுவதில்லை. விழுந்தால் அந்த ஓட்டைக் கூரை வழியாகச் சமையலறையில்தான் விழும். விழட்டும்.

ஞாயிறு காலை சோலோ நகரில், அவர் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், குருவிப் பாட்டுப் போட்டி. இரண்டு வருடமாக வெட்டுக்கிளி ஊட்டி வளர்த்த சோலைப்பாடிக் குருவி அன்றுதான் முதன்முதலாகப் போட்டிக்குப் போகிறது. மனைவி லஸ்மினி அதே காலையில் ஓடு மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளோடு வாதாடி ஜெயிக்கிற ஆண்பிள்ளை ஜாவாவில் இன்னும் பிறக்கவில்லை.

வழி காட்டியது பரணில் கிடந்த பழைய சிரிப்புக் கதைப் புத்தகம். அதில் ஒரு குடியானவன், மனைவி வேலை சொல்லும்போதெல்லாம் செவிடனாக நடிக்கிறான். மூன்றே நாளில் அவளுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. வேலையைத் தானே செய்துகொள்கிறாள். கடைசித் தாளைக் கரையான் தின்றிருந்தது. சுபமாகத்தான் முடிந்திருக்கும் என்று சர்ஜோனோ மூடி வைத்தார். நூறு வருடத்துக்கு முன் பலித்த வித்தை கைப்பேசிக் காலத்தில் பலிக்காதா?

சனிக்கிழமை காலையே தொடங்கிவிட்டார்.

“என்னங்க, நாளைக்கு ஓடு மாத்தணும். ஏணி வாங்கிட்டு வாங்க.”

“தேனீயா? எங்க கொட்டுச்சு?”

“ஏணி! ஏ...ணி!”

“காது அடைச்சிருக்கு லஸ்மினி. நேத்து மழையில நனைஞ்சேன்ல, அதான். ஒண்ணும் கேக்கல.”

லஸ்மினி ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பேசியில் ‘ஏணி’ என்று தட்டி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியலையே!”

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. மத்தியானம் தட்டில் கூடுதலாக ஒரு தெம்பே சோயா வறுவல் விழுந்ததும் உறுத்தல் போய்விட்டது.

சாயங்காலம் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டுப் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பென்றால் நடிப்பு! முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கீதோவின் குரல் கேட்டது.

“கூண்டை நெசமாவே எனக்குத் தர்றியா தங்கச்சி?”

“எடுத்துட்டுப் போங்கண்ணே. காது போன மனுசனுக்குப் பாடி, அந்தக் குருவி எதுக்குத் தொண்டையைக் கெடுத்துக்கணும்? நாளைக்கு உங்க பேர்லயே போட்டியில சேத்துடுங்க.”

“மெதுவாப் பேசும்மா. அவர் காதுல விழுந்துடப் போவுது.”

“விழுந்தாத்தானே! நீங்க சத்தமாவே பேசுங்க.”

திரும்பினால் கூரை. திரும்பாவிட்டால் குருவி போச்சு. சர்ஜோனோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொக்கியிலிருந்து கூண்டு கழன்றது. வாசல் கதவு கிறீச்சிட்டது. வெளியே சோலைப்பாடி ஒரு ராகம் இழுத்தது. அவரே விசிலடித்துச் சொல்லிக்கொடுத்த ராகம். சர்ஜோனோ துள்ளி எழுந்தார்.

“டேய் கீதோ! வைடா கூண்டை!”

கீதோ வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். வரும்போதே ஏணியும் கொண்டுவந்திருந்தார்.

“அல்ஹம்துலில்லா! காது தொறந்துடுச்சு!” என்றாள் லஸ்மினி.

“அப்போ குருவியை நாளைக்கு...?”

“அண்ணனே கொண்டுபோவார். மைதானம் பக்கத்துலதானே? கூரைமேல நின்னா நல்லாக் கேக்கும்.”

“இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?”

“நீங்க பரண்ல எடுத்துப் படிச்ச அந்தப் புத்தகம் நான் பள்ளிக்கூடத்துல வாங்கின பரிசு. கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். அதுல அந்தக் குடியானவன் பொண்டாட்டி, புருசனோட புல்லாங்குழலைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுப்பா. நம்ம வீட்டுல புல்லாங்குழல் ஏது?”

மறுநாள் காலை, கீதோவின் சோலைப்பாடிக்கு முதல் பரிசு என்று ஒலிபெருக்கி அறிவித்தது, கையில் ஓட்டோடு கூரைமேல் நின்ற சர்ஜோனோவுக்குத் துல்லியமாகக் கேட்டது.