பூட்டு பாயின் பீரோக் கோழி

எனக்குத் தெரிந்து, திருடர்களை மனதார மதித்த ஒரே மனிதர் ராயப்பேட்டை பூட்டு பாய்தான். போலீஸ்காரர்கள்கூடத் திருடனைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்திருக்க மாட்டார்கள். பாய் கணக்கில் திருடன் என்பவன் ஒரு தொழில்காரன். வாசல் வழியாக வருவான், பூட்டைத் தடவிப் பார்ப்பான், நல்ல பூட்டாக இருந்தால் மனசுக்குள் ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். ஜன்னலேறிக் குதிப்பவன், கூரையைப் பிரிப்பவன் எல்லாம் அவருக்குத் திருடனே இல்லை. ஒழுக்கம் கெட்ட பயல்கள்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், மரத்தடியில், ஒரு மரப்பெட்டியும் கொத்துக் கொத்தாகச் சாவிகளுமாக உட்கார்ந்திருப்பார். சந்துக்குள் ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். மனைவியைத் தெருவே 'ஆப்பா', அதாவது அக்கா, என்று கூப்பிடும். கேட்டுக் கேட்டுப் பாயும் அப்படியே கூப்பிடுவார். மாடிப் போர்ஷனில் நான், தனிக்கட்டை.

குடிவந்த அன்றைக்கே சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டை அழுத்திவிட்டேன். பாய் மாடியேறி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்தார். நான் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் அது அவர் உள்ளங்கையில் திறந்து கிடந்தது.

"இன்னா சார் இது?"

"பூட்டு, பாய்."

"இது பூட்டு இல்ல சார். தொங்கட்டான். கதவுக்குக் காது குத்தி மாட்டி வுட்டுகீற."

அன்று சாயங்காலமே தன் கையால் செய்த பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். சாவியை நுழைத்து, பாதி திருப்பி, கொஞ்சம் வெளியே இழுத்து, மறுபடி அழுத்தி, பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். எனக்கு வரவே இல்லை. தி.நகர் ஆபீஸிலிருந்து களைத்துப்போய் வந்து, படிக்கட்டில் நின்று "பாய்!" என்று தினமும் குரல் கொடுப்பேன். அவர் வாயில் வெற்றிலையோடு வந்து திறந்துவிட்டு, "பாத்தியா சார், வூட்டுக்காரனுக்கே தொறக்கல. இதான் பூட்டு!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

"ஒரு டூப்ளிகேட் சாவியை நீங்களே வச்சுக்கங்க பாய்" என்று ஒருநாள் நீட்டினேன். ஏதோ தப்பான சாமானை நீட்டியதுபோல் பின்வாங்கினார்.

"வாணாம் சார். டூப்ளிகேட்ட எவனுக்கும் குடுக்காத. சொந்தக்காரன், சிநேகிதன், எவனா இருந்தாலும் சரி. எனக்கே குடுக்காத."

இப்படிப்பட்டவர் கோழி வளர்த்தால் எப்படி வளர்ப்பார்? பின்கட்டில் மூன்று கோழிகள். பெயர்கள்கூடக் கதவுச் சாமான்கள்தான்: கொண்டி, நாதாங்கி, தாப்பா. கூடு என்பது ஒரு இரும்பு பீரோ. ஆமாம், துணி வைக்கிற பீரோதான். யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டன் சொத்து உள்ளே இருக்கிறது என்று குடும்பமே சுற்றி நிற்க, பாய் திறந்தால் உள்ளே ஒரு பழைய காலண்டர்தான் இருந்ததாம். வெறுத்துப்போய் பீரோவையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாய் அதில் காற்றுக்கு ஓட்டை போட்டு, தட்டுகளில் வைக்கோல் பரப்பி, நிழலில் நிறுத்தியிருந்தார். பகலெல்லாம் கோழிகள் சந்தில் திரியும். பொழுது சாய்ந்ததும் தாமாகவே உள்ளே ஏறித் தட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். முட்டையிடுவதற்கு மட்டும் மூன்றும் லாக்கருக்குத்தான் போகும்.

வெளியே கதவில் வரிசையாகப் பூட்டுகள். எல்லாம் பாயின் சொந்தத் தயாரிப்பு. ஒன்றைப்போல ஒன்று இருக்காது.

மீன் விற்க வருகிற கன்னியம்மா இதைப் பார்க்கும்போதெல்லாம் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள். ஆற்றோரக் குடிசைகளை அரசாங்கம் காலி செய்தபோது அவள் குடும்பத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவளோ பஸ் பிடித்து இன்னமும் இதே சந்துக்குத்தான் மீன் கொண்டு வருவாள்.

"இன்னா பாய், கோயிக்கு பேங்க் கட்டிக்கீற? செக்கு புக்கு குடுத்துட்டியா?"

"நீ பேசாத. உன் கூடை பின்னாடியே ஊர்ப் பூனையெல்லாம் வருது. திருடனுக்கு வழி காட்டுறதே நீதான்."

ஒருநாள் விடியற்காலை பின்கட்டில் பெரிய அலறல். நான் மாடி ஜன்னலைத் திறந்தேன். பீரோ உள்ளிருந்து இடி இடித்தது. மூன்று கோழிகளும் கத்துகிற கத்தல் சந்து முழுவதையும் எழுப்பியது. பாய் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். முதல் பூட்டைத் திறந்தார். அடுத்ததற்குச் சாவியைத் தேடினார். கொத்து கைதவறிக் கீழே விழுந்தது. எடுத்தார். தப்பான சாவியை நுழைத்தார். உள்ளே நாதாங்கியின் குரல் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. பாய் கடைசிப் பூட்டில் பாதி திருப்பி, வெளியே இழுத்து, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. கொண்டியும் தாப்பாவும் பறந்து வெளியே வந்தன. கீழ்த்தட்டில் நாதாங்கி ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு காலில் கடி, இறக்கை பிய்ந்து தொங்கியது. உயிர் இருந்தது.

பாய் முதலில் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பூட்டுல ஒரு கீறல் இல்ல சார். அப்போ சாவி போட்டுத்தான் தொறந்துகீறான். வேலைய முடிச்சிட்டு மறுபடி பூட்டிக்கினு போய்க்கீறான்."

"பாய், அது கடிச்சிருக்கு. பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க."

"அதான் சார் சொல்றேன். பல்லு கீற திருடன்."

நாதாங்கியை ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து போட்டு, காலுக்குச் சின்னதாகக் குச்சி வைத்துக் கட்டச் சொன்னார். "ரத்தத்தைப் பார்த்தா மத்த கோழிங்க கொத்தும். தனியா, கதகதப்பா வச்சுக்கங்க. தீனி எடுத்துட்டா பொழைச்சுக்கும்" என்றார். பாயோ கிளினிக்கில் இருந்த நாய்க்கூண்டின் கொக்கியை ஆட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிக் கொண்டிருந்தார்.

எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஆப்பா வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அது வூட்டுக்குள்ள வந்தா நான் பீரோவுக்குள்ள போயிடுறேன்." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாடியைப் பார்த்தார்கள். மாடியில் குடியிருப்பவன் நான்தான்.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பழைய துணி போட்டு, என் மேசைக்கடியில் நாதாங்கி குடிவந்தது. பாய் ஒரு ஐஸ் குச்சியைக் கொண்டுவந்து, சாவிக்குப் பல் வெட்டுகிற அரத்தால் கோழிக்கால் அளவுக்கு வழவழவென்று ராவி, அடிபட்ட காலோடு சேர்த்துக் கட்டினார். அத்தனை நேர்த்தியான வேலையை அவர் எந்தப் பூட்டுக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

வாரத்தில் பாதி நாள் எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஒரு மீட்டிங்கில் எல்லாரும் கம்ப்யூட்டர் திரையில் முகம் காட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும்போது, மேசைக்கடியிலிருந்து "கொ... க்கொக்" என்று ஒரு முனகல் வந்தது. "யாரோ ஏதோ சொல்ல வர்றீங்க. தயங்காம சொல்லுங்க" என்றார் மேனேஜர். நான் இருமி வைத்தேன். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று பாதியிலேயே விடுதலை கொடுத்துவிட்டார்.

ஆனால் அது முனகியதோடு சரி. தீனி எடுக்கவில்லை. நொய்யைக் காட்டினாலும் கம்பை ஊறவைத்துக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தோம். பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வரும்போது என் கதவுப் பூட்டைக்கூடப் பார்ப்பதில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"சார்" என்றார் ஒருநாள், கோழியைப் பார்த்துக்கொண்டே. "நான் வெளிய சாவி தேடிக்கினு நின்னேன் பாரு... அது உள்ளேருந்து என்னத்தான் கூப்ட்டுது. நானே போட்ட பூட்டு, நானே வெளிய நிக்கிறேன்."

டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பாய் கையைக் காட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து பெட்டிக்குள் சரிந்திருந்தது. அதில் ஒரு பித்தளைச் சாவி மினுங்கியது. நாதாங்கி கழுத்தை நீட்டி அதை ஒரு கொத்துக் கொத்தியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி கொத்தியது. பாய் மூச்சுக்கூட விடாமல் ஒரு சிட்டிகை நொய்யை எடுத்துச் சாவியின்மேல் வைத்தார். அது நாதாங்கியின் வாய்க்குள் போயிற்று.

"ஆப்பா!" என்று கீழே கேட்க அவர் போட்ட கூச்சலில் என் டீ சிந்தியது. "துன்னுது! துன்னுது!"

அதற்கப்புறம் நாதாங்கி சாவியில் வைத்தால்தான் சாப்பிடும் என்று ஆகிவிட்டது. தட்டில் வைத்தால் தொடாது. நானும் ஆபீஸ் வேலைக்கு நடுவே என் வீட்டுச் சாவியில் கம்பு வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்படுகிற என் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

இதற்கிடையில் பீரோவில் பூட்டுகள் பெருகிக்கொண்டே போயின. திருடனிடம் டூப்ளிகேட் இருக்கிறது என்பதில் பாய்க்குச் சந்தேகமே இல்லை. கன்னியம்மா வேறு, "டூப்ளிகேட் வெச்சிக்கினு கீறது எந்தப் பூனை பாய்? சொல்லு, அதுக்கே ஒரு கடை வெச்சிக் குடுப்போம். உன்னவிட நல்லா தொறக்கும் போல கீது" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

ஒரு சாயங்காலம் ஜன்னலில் நின்றிருந்தேன். பின்கட்டுச் சாக்கடைப் பக்கமிருந்து குண்டான பெருச்சாளி ஒன்று வந்தது. பூட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக பீரோவின் அடியில் நுழைந்தது. அப்புறம் உள்ளே வைக்கோல் சரசரத்தது. நல்லவேளை, கோழிகள் இன்னும் அடையவில்லை. நான் இறங்கி ஓடினேன்.

"பாய், திருடன் அகப்பட்டான். கீழேருந்து வர்றான்."

பாய் என்னை நம்பவே இல்லை. அவமானப்படுத்திவிட்டதைப்போலப் பார்த்தார்.

"கீயேருந்தா? கீயேருந்து எவனாவது வருவானா சார்? அதுக்கு ஒரு மொற இல்ல?"

இரண்டு பேரும் சேர்ந்து பீரோவைச் சாய்த்தோம். பெருச்சாளி எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, ஒரு தேங்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வாழ்நாளெல்லாம் கதவையே பார்த்துப் பழகிய மனுஷன் பீரோவுக்குத் தரை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். மாடியிலிருந்து தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாய் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தார். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அடியில் கெட்டித் தகடு அடித்து, கம்பிவலை போட்டு, செங்கல் வைத்து உயர்த்தி, சாக்கடைப் பக்கம் சிமென்ட் பூசினார். ஓட்டை போட்ட இடங்களுக்கெல்லாம் வலை கட்டினார். கடைசியாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதவிலிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் மரப்பெட்டியில் போட்டார். அந்த இடத்தில் ஒரே ஒரு கொக்கி மாட்டினார். ஒரு விரலால் தட்டினால் திறக்கும்.

"என்ன பாய் இது? தொங்கட்டானா?"

அவர் சிரிக்கவில்லை. "அவன் உள்ள போகக் கூடாதுன்னே யோசிச்சிக்கினு இருந்தேன் சார். நான் உள்ள போணும்னு யோசிக்கல."

நாதாங்கி லேசாக நொண்டியபடி பீரோவுக்குத் திரும்பியது. இந்த முறை நடுத்தட்டு. என் மேசைக்கடி காலியாகிவிட்டது. மீட்டிங்குகளில் முனகுவதற்கு யாரும் இல்லாமல் நானே முனக வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து, காலையில் மறுபடி அதே அலறல். நான் லுங்கியை இறுக்கிக்கொண்டு படியில் பாதி இறங்குவதற்குள் பாய் பீரோவின் முன்னால் நின்றார். செருப்பு இல்லை, தொப்பி இல்லை, கையில் ஆப்பாவின் துடைப்பம். ஒரே தட்டு, கதவு திறந்தது. கொண்டியும் தாப்பாவும் அவரை அலட்சியமாகப் பார்த்தன. லாக்கருக்குள் நாதாங்கி எழுந்து நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு முட்டை. அடிபட்டபிறகு அது இட்ட முதல் முட்டை.

பாய் துடைப்பத்தைக் கீழே போட்டார். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடா கீது சார்" என்று என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னார். மார்கழி மாசம்.

நான் இப்போது அசோக் நகருக்கு வந்துவிட்டேன். புது ஃபிளாட்டின் கதவு விரல் வைத்தால் திறக்கிறது. பார்க்க வந்த பாய் வழக்கம்போல் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தார். "வெரல வெட்டிக்கினு போய்ட்டான்னா இன்னா சார் பண்ணுவ?" என்று கேட்டார். அந்தக் கதவுக்கு அவசரத்துக்கென்று ஒரு சாவியும் உண்டு. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். டூப்ளிகேட் விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் வாங்கி, மடித்த கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

போன வாரம் ராயப்பேட்டைக்குப் போயிருந்தேன். சாவி பத்திரமாக இருக்கிறதா என்று சும்மா சீண்டினேன். பாய் கொக்கியைத் தட்டி பீரோவைத் திறந்தார். லாக்கரில் நாதாங்கி உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டு என் சாவியை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தார்.

எனக்கு ஏதாவது ஒன்று என்றால், கோழியை நகர்த்தி, சாவியை எடுத்து, ராயப்பேட்டையிலிருந்து அசோக் நகருக்கு அவர் வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆகட்டும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவருவார்.