ஜவ்வாது மலையில் பதினொரு நிமிடம்

ஓட்டப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த முதலிடம் பதினொரு நிமிடம் என்னிடம் இருந்தது. மீதிக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். ஆனால் ஆளுக்கொன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள் (என் மச்சான் சேகர் சொல்லும் கதையில் இப்போது ஒரு கரடியும் வருகிறது). அதனால் ஒருமுறை நானே ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாற்பத்திரண்டாவது வயதில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, நடங்கள் என்றார். ஊருக்குள் நடந்தால் பத்தடிக்கு ஒரு மாணவன் வணக்கம் சொல்வான். அதனால் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாமல் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கேதான் அந்தோணி பழக்கமானார்.

அந்தோணி கூரம் பக்கத்துக்காரர். ஏ.சி. மெக்கானிக். இருபத்தெட்டு வயது. நான் கரையில் ஒரு தடவை போய் வருவதற்குள் அவர் மூன்று தடவை ஓடி முடித்திருப்பார். ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் "நல்லா போறீங்க சார்" என்பார். நான் நல்லாப் போகவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கரையில் மேய்ந்த மாடுகளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையில்தான் நான் நடையிலிருந்து ஓட்டத்துக்கு வந்தேன். ஒரு வருடத்தில் இடைவிடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒருநாள் அந்தோணி தன் போனில் ஒரு அறிவிப்பைக் காட்டினார். ஜவ்வாது மலையில் ஐம்பது கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டம். முதலில் வருகிறவரை ஏற்பாட்டாளர்களே உத்தராகண்டுக்கு அழைத்துப்போய், அங்கே நடக்கும் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.

"இமயமலைல ஒரு தடவ ஓடிப் பாக்கணும் சார். அதுக்குத்தான் பேர் குடுத்திருக்கேன்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். அந்தோணியைப் பற்றித்தான் சொன்னேன். சேகர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அவரு ஓடுவாரு மாமா. நீங்க தெருமுன டீக்கடைக்கே ஸ்கூட்டர்ல போற ஆளு" என்றான். என் மனைவி கலைவாணி சிரித்தாள். அவள் சிரித்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

"நானும் பேர் குடுத்திருக்கேன்" என்றேன். (கொடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் கொடுத்தேன்.)

மலையில் ஓட வேண்டுமானால் ஏறிப் பழக வேண்டும். காஞ்சிபுரமோ தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு மாணவனின் அப்பாவிடம் கேட்டேன். கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொள்ளச் சொன்னார். தரைத்தளத்தில் பருத்தி, நான்காவது மாடியில் கல்யாணப் பட்டு. இரண்டு மாதம் நான் தினமும் முப்பது தடவை பருத்தியிலிருந்து கல்யாணப் பட்டுக்கு ஏறினேன். தரையைத் துடைக்கிற அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "தெனம் வந்துக்கினே இருக்கீங்களே சார், ஒண்ணும் புடிக்கலியா?" என்று கேட்டார். அந்தோணிக்கு இந்தப் பயிற்சியெல்லாம் தேவைப்படவில்லை. தினமும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவர் அவர்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு மேல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, காட்டைச் சுற்றிவந்து அங்கேயே முடிய வேண்டும். நானும் அந்தோணியும் முதல் நாளே போய்விட்டோம். காலை ஐந்தரைக்குக் கொடி அசைத்தார்கள். அந்தோணி "பாத்து வாங்க சார்" என்று சொன்னது காதில் விழுந்தது. அடுத்து அவரை நான் பார்த்தது ஆறரை மணி நேரம் கழித்து.

முதல் பத்துக் கிலோமீட்டர் நன்றாகத்தான் போனேன். அடுத்த ஐந்தில், பட்டுக்கடைப் படிகளெல்லாம் ஒரே உயரத்தில் இருந்தன என்பதும் அவற்றுக்கு ஒரு கைப்பிடி இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தன. ஏற்றம் கூடப் பரவாயில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தனியாகப் பதில் சொன்னது. நேராக இறங்க முடியாமல் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினேன். என்னைத் தாண்டிப் போன ஒரு பெண், பார்த்தால் என் அம்மா வயது இருக்கும், நின்று, "தண்ணி இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருபத்து நான்காவது கிலோமீட்டரில் ஒரு சோதனை இடம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் என் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, உப்புத் தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். வழிநெடுக மரக்கிளைகளில் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான் என்றார்கள். போனேன். கொஞ்ச தூரத்தில் நாடா இல்லை. இன்னும் கொஞ்சம் போனேன். நாடாவும் இல்லை, எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆளும் இல்லை. பத்துப் பதினைந்து ஆடுகளும் அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள். ஒரு ஆட்டின் வாயோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தொங்கியது.

"துணியெல்லாம் ஆடு தின்னுடுச்சி" என்றார் அந்தப் பெண். "எங்க போவணும்?"

"பள்ளிக்கூடத்து மைதானத்துக்குங்க."

"அங்கருந்து தான காலையில கெளம்பினீங்க?"

"ஆமாங்க."

"திரும்ப அங்கயே போறதுக்கா இத்தினி சுத்து?"

நான் இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இப்படி ஒரு கணக்கை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஓடிய தூரத்தையும் காட்டும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு கிலோமீட்டர் முடிந்திருந்தது. ஐம்பதில் இருபத்தாறு போனால் இருபத்து நான்கு. என் முழங்கால்களிடம் இருபத்து நான்கு மீட்டருக்குக்கூடச் சரக்கு இல்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்: போட்டியிலிருந்து விலகிவிடுவது. மைதானத்துக்குப் போய், எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அந்தோணி வருவதைப் பார்ப்பது. இது சத்தியமான உண்மை. இதை வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

அந்தப் பெண் காட்டிய ஒற்றையடிப் பாதை சாமை வயல்களுக்கு நடுவே போனது. நிதானமாக நடந்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்து காலைக்கூட நீட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து ஒரு வேலியைத் தாண்டினால், எதிரே தார் ரோடு. ரோட்டின் கோடியில், நூறடி தூரத்தில், முடிவு வளைவு.

வளைவுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டார் வந்த வேன் நின்றது. என் குடும்பத்தார் பதினான்கு பேர் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எப்படியும் சாயங்காலம்தான் வருவேன் என்று, வந்ததும் வராததுமாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மைக் பிடித்திருந்தவர் என் நெஞ்சில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டார்.

"இதோ, முதல் வீரர் வந்துவிட்டார்" என்று மலை அதிர்ந்தது.

மறுத்துக் கையை ஆட்டினேன். அதை அவர்கள் வெற்றிக் கையசைப்பாக எடுத்துக்கொண்டார்கள். சேகர் கையில் புளியோதரையோடு எழுந்து "மாமா, ஓடுங்க மாமா" என்று கத்தினான். நூறு பேர் கைதட்டும்போது நடந்து வர முடியுமா என்று நீங்கள் முயற்சி செய்து பாருங்கள். என் கால்கள் தாமாகவே ஓடின. முழங்கால் வலி என்ன ஆனதென்று இன்றுவரை தெரியவில்லை. வளைவைத் தாண்டினேன். என் மாமியார் ரோஜா மாலையைப் போட்டார். கலைவாணியின் கண் கலங்கியிருந்தது. பதினாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் நிமிடம் மூச்சு வாங்கியது. இரண்டாவது நிமிடம் யாரோ இளநீரை வாயில் வைத்தார்கள். மூன்றாவது நிமிடம் சேகர் படம் எடுத்து, குடும்பக் குழுவுக்கும் தன் நண்பர்களுக்கும் அனுப்பினான். மேலே சோதனை இடங்களில் எல்லாம் நோட்டில்தான் எழுதினார்கள், அங்கே போன் எடுக்காது. ஆகவே கீழே இருந்தவர்களுக்கு என்மேல் சந்தேகம் வர வழியே இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் மைக் பிடித்தவர் நான் இமயமலைக்குப் போகப்போவதாக அறிவித்தார். ஏழாவது நிமிடத்தில் ஒரு கேவலமான காரியம் நடந்தது. ஒருவேளை கடிகாரம்தான் தப்பாகக் காட்டியதோ, நான் ஐம்பதையும் ஓடிவிட்டேனோ என்று எனக்கே ஒரு யோசனை வந்தது. கணக்கு வாத்தியாருக்கு.

பத்தாவது நிமிடத்தில் மாமனார் எழுந்து வந்தார். நெசவாளி. அதிகம் பேசாதவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து விரித்தார். ஒரு முனையில் ஜரிகையில் என் பெயர், மறுமுனையில் '50 கி.மீ.' எனக்குத் தெரியாமல் தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறார். "ஓடி முடிச்சிடுவீங்கன்னு தெரியும் மாப்ள" என்றார். நான் துண்டை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டேன். அதை மகிழ்ச்சி என்று நினைத்து எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

அப்போதுதான் அந்தோணி வந்தார்.

முட்டியிலிருந்து கணுக்கால் வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. காலணி முழுக்கச் சேறு. வளைவைத் தாண்டி, இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இளைத்துக்கொண்டே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சூப்பர் சார். எப்ப என்னத் தாண்டுனீங்க? நான் கவனிக்கவே இல்லியே. இவ்ளோ நல்லா ஓடுவீங்கன்னு எங்கிட்டகூட சொல்லல பாருங்க."

"தாண்டல அந்தோணி" என்றேன். "நான் வழி மாறிக் குறுக்கால வந்துட்டேன். பாதிதான் ஓடினேன். நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மைக் பிடித்தவர் எங்கள் பேச்சை எல்லோருக்கும் கேட்க வைப்பதற்காக மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டியிருந்தது எனக்குத் தெரியாது. மைதானத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் என் குரல் கேட்டது. "பாதிதான் ஓடினேன்" என்பது எதிர் மலையில் பட்டு இன்னொரு தடவை திரும்பி வந்தது.

 கலைவாணி என் காலணியைக் குனிந்து பார்த்தாள். அதில் சேறே இல்லை. கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இரண்டு ஓடைகள் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் மாலையைக் கழற்றி அந்தோணிக்குப் போட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். "குறுக்கு வழின்னா நீங்க சொல்லணும் இல்ல சார்" என்றார் முதலில், பிறகு, "அதான் சொல்லிட்டீங்களே" என்றார். பட்டுத் துண்டைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன். "ஐம்பதைப் பிரிச்சி இருபத்தஞ்சுன்னு போட முடியாதாப்பா?" என்று சேகர் மாமனாரின் காதில் கேட்டான். (கேட்டது எனக்கும் கேட்டது.)

"நெய்ஞ்சது நெய்ஞ்சதுதான்" என்றார் அவர். என் கையிலிருந்த துண்டை வாங்கி, என் பெயர் உள்பக்கம் போகும்படி மடித்து, '50 கி.மீ.' மட்டும் வெளியே தெரிய அந்தோணியின் தோளில் போட்டார். "ஓடுனவங்க போட்டுக்கட்டும்" என்றார். அந்தோணி அழுதுவிட்டார். நான் புளியோதரை சாப்பிடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

வேனில் திரும்பி வரும்போது முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மலை இறங்கியதும் மாமியார்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு காஞ்சிபுரம் வரும்வரை நிற்கவில்லை. ஊருக்குள் நுழைந்தால் எங்கள் தெருமுனையில் பிளெக்ஸ் பேனர். சேகரின் நண்பன் படத்தைப் பார்த்த உற்சாகத்தில் அடித்துக் கட்டிவிட்டு வெளியூர் போய்விட்டான். 'மலையை வென்ற மாவீரரே' என்று எழுதி, இளநீர் குடிக்கும் நான். ஏணி அவனிடம்தான் இருந்தது. நான்கு நாள் நான் அந்தப் பேனருக்கு அடியில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடத்திலும் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, விடையை மட்டும் எழுதியிருந்த பத்தாம் வகுப்புப் பெண்ணிடம், "வழிமுறை எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "குறுக்கால வந்துட்டேன் சார்" என்றாள். பாதி மதிப்பெண் போட்டேன். எனக்குக் கிடைத்ததும் அவ்வளவுதானே.

அந்தோணி உத்தராகண்டுக்குப் போய் முப்பத்தோராவதாக வந்தார். நாங்கள் இன்னும் தாமல் ஏரிக்கரையில்தான் ஓடுகிறோம். இன்னும் மூன்று தடவை என்னைத் தாண்டுகிறார். ஆனால் தாண்டும்போது இப்போது "எங்கயும் திரும்பிடாதீங்க சார்" என்கிறார்.

வீட்டில் யாரும் இதை மறக்கப்போவதில்லை. போன வெள்ளிக்கிழமை எல்லோருமாகக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். ஓடிப் பழகிய கால் இல்லையா, நான் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் வந்து கொடிமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றிலிருந்த மாமியார் என் எதிரே வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"மூணும் முழுசாவா மாப்ள?"

எழுந்து நான்காவது சுற்றுக்குக் கிளம்பினேன்.