ரங்கூன் இடிக்கும் கொழும்புக் காளைக்கும் நடக்காத சண்டை

கோட்டாற்றில் கிறுக்கர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆனால் அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் லைட் ஹெவியை மறு தட்டிலும் வைத்தால் லைட் ஹெவியின் தட்டுதான் தாழும். இதை இல்லை என்பவன் அவரிடம் சட்டை தைக்காதவன். நான் தைத்தவன். எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

ஆள் தையல்காரர். துணி காயும் கொடியில் அவரையும் மடித்துப் போடலாம், அத்தனை ஒல்லி. யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் தைத்துக்கொண்டிருந்தார். அங்கே குண்டு விழுந்ததும் மற்றவர்கள் நகையையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இவர் கத்தரியையும் ஒரு பெருமையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரங்கூன் இடிக்கு நிக்கர் தைச்சது நானாக்கும்."

ரங்கூன் இடி என்பவன் குத்துச்சண்டைக்காரன். லைட் ஹெவி வெயிட் சாம்பியன். அதே காலத்தில் கொழும்பில் அதே எடையில் இன்னொரு சாம்பியன் இருந்தான், கொழும்புக் காளை. இரண்டு பேரும் ஒருநாளும் மோதியது கிடையாது. இரண்டு பேருக்கும் வயதாகிப்போயிற்று. ஆனாலும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பான்? தையல்காரருக்கு உலகத்தில் இருந்த ஒரே கேள்வி இதுதான். அரிசி ரேஷனாம், தேர்தலாம், எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நாஞ்சில் நாடே தமிழ்நாடா திருவிதாங்கூரா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் மட்டும் ரங்கூனா கொழும்பா என்று கத்தினோம்.

நான் பக்கத்து வாடகை சைக்கிள் கடையில் இருந்தேன். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "லைட்டுன்னா லேசு. ஹெவின்னா பாரம். லேசான பாரம்னா என்ன கூத்து அண்ணாச்சி?"

"ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல இல்லியா மக்கா? கெட்டிப் பாரு. தூக்கும்போ லைட்டு, எறக்கி வைக்க முடியாது பாத்துக்கோ, அதாக்கும் ஹெவி."

உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியை வீசினாள். அன்று முதல் அவர் பேர் லைட் ஹெவி.

சட்டைக்கு அளவு கொடுக்கப் போனால் மனுஷன் தோளை அளக்க மாட்டார். "கையை நீட்டுலே" என்பார். குத்து எவ்வளவு தூரம் எட்டும் என்று அளப்பார். கை வீச இடம் வேண்டும் என்று அக்குளில் துணியை அள்ளி வைப்பார். எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் எல்லோரும் பாய்மரம் மாதிரி நடந்தோம். கோயில் பூசாரி சட்டை போடாததால் தப்பித்தார்.

இங்கிலீஷில் நாக் அவுட் என்பார்களே, அதை அவர் நாக்கு அவுட்டு என்றே நினைத்திருந்தார். "குத்து வாங்கினவனுக்கு நாக்கு வெளிய வரணும். வந்தா அவுட்டு. உள்ள கெடந்தா ஆட்டம் உண்டு." ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் திருத்தப் பார்த்தார். "நிக்கர் தைச்சது நீரா, நானா?" என்று கேட்டதும் வாத்தியார் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிக்கும் விஷயம். சிரிக்க முடியாத விஷயம் அவர் மகள் செல்லம். அவளுக்கு வந்த முதல் மாப்பிள்ளையை இவர் கை நீட்டச் சொல்லி அளந்துவிட்டு, "இவன் மூணு ரவுண்டு தாங்க மாட்டான்" என்றார். போனார்கள். அடுத்து வந்தவனிடம் இடதுகை பலம் போதாது என்றார். அவர்களும் போனார்கள். மூன்றாவதாக அமைந்தவன் தோவாளைப் பூவியாபாரியின் மகன். செல்லத்துக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கும்தான். காற்றடிக்க என்று என் கடைக்கு அடிக்கடி வருவான். டயர் கல்லு மாதிரி இருக்கும். கண் தையல்கடை மாடி ஜன்னலில் இருக்கும்.

நிச்சய தாம்பூலத்தன்று செல்லம் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அப்பா வாயில இடி, காளைன்னு ஒண்ணும் வராமப் பாத்துக்கிடுங்கோ. இதுவும் போச்சுதுன்னா இனி எவன் வருவான்?"

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் பெரிய வீரன் மாதிரித் தலையாட்டினேன்.

நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. வந்தவர்களுக்குக் காப்பியும் முந்திரிக்கொத்தும் கொடுத்தார்கள். லைட் ஹெவி வாய் நிறைய முந்திரிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த வாய் அப்படியே நிறைந்திருக்கட்டும் என்று நான் இன்னும் இரண்டை அவர் கையில் திணித்தேன். பார்த்தால், வம்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

பூவியாபாரி பெருமையாகச் சொன்னார்: "யுத்தத்துக்கு முன்ன நமக்குக் கொழும்புல பூக்கடை கேட்டேளா. கொழும்புக் காளை ஜெயிச்சானே, அண்ணைக்கு அவன் கழுத்துக்கு மாலை கெட்டினது நானாக்கும்."

நான் லைட் ஹெவியின் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். முந்திரிக்கொத்து ஒரே விழுங்கில் உள்ளே போயிற்று.

"சம்மந்தி, நீங்க மாலைதான் கெட்டினியோ. எங்க ஆளு முன்னால நின்னா ஒங்க காளை ஏழாம் ரவுண்டுல நாக்கவுட்டு."

"காளைக்கு நீங்க கழுத்தைப் பாக்கணும். சாதாரண மாலை அவனுக்குப் பத்தாது. ரெண்டு மாலையைச் சேத்துக் கெட்டினேன். அந்தக் கழுத்து இருக்கவன் எந்தக் குத்தையும் தாங்குவான்."

"கழுத்தை வச்சு என்ன செய்ய, கயறு கெட்டவா? இடுப்பைப் பாக்கணும். இடிக்கு இடுப்பு என் முழங்கை தண்டிதான் இருக்கும். நான் அளந்த இடுப்பு ஓய்! பூனை மாதிரிச் சுத்துவான். ஒம்ம காளை எருமை மாதிரி நிப்பான்."

'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது.

"எருமையா? நீரு நிக்கர் தைச்ச லட்சணத்துக்கு மூணாம் ரவுண்டுல நிக்கர் அவுந்து விழும் வே!"

நிக்கரைச் சொன்னது லைட் ஹெவியின் ஏழு தலைமுறையைச் சொன்ன மாதிரி. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "தாம்பூலத் தட்டை எடுங்கலே, போவோம்" என்றார். மாப்பிள்ளைப் பையன் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே கதவிடுக்கில் செல்லத்தின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"போகாதேயும்! வெளிய முத்தத்துக்கு வாரும்!" என்றார் லைட் ஹெவி. "நான் இடி. நீரு காளை. ஏழாம் ரவுண்டு இப்ப தெரிஞ்சுபோவும்."

இரண்டு கிழடுகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கின. என்னை நடுவராக்கினார்கள். "நாக்கைப் பாத்துக்கோ மக்கா" என்பதுதான் எனக்கு உத்தரவு. லைட் ஹெவி பூனை மாதிரிச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். பூவியாபாரி கழுத்தை முன்னால் நீட்டி நின்றார். குத்து ஒன்றுகூட எவர் மேலும் படவில்லை. காற்றுக்குத்தான் நல்ல அடி. கடைசியில் லைட் ஹெவி தலை சுற்றி முன்னால் சாய்ந்தார். பூவியாபாரி மூச்சு முட்டி முன்னால் சாய்ந்தார். இரண்டு பேரும் கீழே விழாமலிருக்க ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். ஒருவர் தோள் மேல் ஒருவர் நாக்கு. நாய் வெயிலில் தொங்கப்போடுமே, அப்படி.

"ரெண்டு பேரும் நாக்கவுட்டு!" என்று கத்தினேன்.

அந்த நொடியில் உள்ளேயிருந்து, நல்ல காரியத்துக்குப் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குரவை கிளம்பியது. போட்டது செல்லத்தின் அத்தை. அத்தையின் இடுப்பைக் கிள்ளிப் போட வைத்தது செல்லம், நான் கண்ணால் பார்த்தேன். சம்மந்திகள் இருவரும் பாசத்தில் கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து மற்றப் பெண்களும் சேர்ந்து குரவை போட்டார்கள். தெருவே கேட்டது. குரவை விழுந்துவிட்டால் எங்கள் பக்கம் காரியம் முடிந்தது. அதைத் திரும்ப வாய்க்குள் தள்ள எந்த வக்கீலாலும் ஆகாது. தாய்மாமன் எடுத்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் லைட் ஹெவி கையில் கொடுத்தார். தட்டு மாறியது.

"சம்மந்தி, ஒங்களுக்கு ஒண்ணும் பட்டிடல்லியே?" என்றார் பூவியாபாரி. 'நீங்க' திரும்பிவிட்டது.

கல்யாணம் முடிந்து கொஞ்சநாளில் லைட் ஹெவி மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா காளைதாம்லே ஜெயிப்பான்."

"என்ன அண்ணாச்சி, இடி என்ன ஆனான்?"

"பிள்ளையைக் குடுத்த எடம்லா? அங்க உள்ளவனைத் தோக்க வச்சா அவளுக்குல்லா கொறைச்சல்."

இந்த நல்ல சேதியோடு தோவாளைக்குப் போனேன். பூவியாபாரி அங்கே நான்கு பேரை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இடியை அடிக்க ஆளு பிறக்கல்ல. எங்க சம்மந்தி தைச்ச நிக்கரு போட்டவனாக்கும்!" அடுத்த தீபாவளிக்குச் சந்தித்தபோது மறுபடியும் சண்டை. இந்தத் தடவை ஆள் மாற்றி. செல்லம் புட்டுக்குழலை ஓங்கிக்கொண்டு நடுவில் நின்றாள்.

சம்மந்திகள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லைட் ஹெவி தைத்துத் தந்த என் கல்யாணச் சட்டை பெட்டியில் கிடக்கிறது. அக்குளில் இரண்டு கோழியை ஒளிக்கலாம். கரித்துணிக்குத் தாருங்கள் என்று வீட்டுக்காரி வருஷாவருஷம் கேட்கிறாள். போன வாரம் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அதைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று கையை நன்றாக நீட்டிக் காற்றில் ஒரு குத்து விட்டேன்.

எங்கேயும் இழுத்துப் பிடிக்கவில்லை.