பிரேக் இல்லாத சைக்கிளும் பெண்ணைப் பெற்றவனும்

மாண்புமிகு மைத்துனர் திமிஷ் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் லெவ்கோ எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தைக் கோபம் தணிந்தபின் விசாரிக்கிறேன்.

என் மகள் ஒரிஸ்யாவைச் சைக்கிள் பந்தயத் தடத்தில் சேர்த்துவிட்டவர் நீங்கள். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டீர்கள். நான் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். "பிரேக் இல்லாம எப்படிம்மா நிப்பே?" என்றால், "நிக்கறதுக்கா போட்டிக்குப் போறாங்க?" என்கிறாள். தடமோ சைக்கிள் சங்கத் தலைவரின் வாக்குறுதி மாதிரி, தூரத்தில் பளபளப்பு, கிட்டே போனால் விரிசல். ஆகவே இளையோர் போட்டியன்று காலை, அவள் கஞ்சி குடிக்கும் நேரத்தில், என் பழைய சைக்கிளின் பிரேக்கைக் கழற்றி அவளுடையதில் இறுக்கி மாட்டிவிட்டேன். தகப்பன் செய்யக்கூடாத காரியமா? இறுதிச் சுற்றுக்கு முன் நடுவர் கண்ணில் அது பட்டது. "யாரு மாட்டினது? ஒருத்தி சட்டுனு நின்னா பின்னால வர்றவ அவ தலைமேல ஏறிடுவா. இந்த வண்டி ஓடாது" என்றார். ஒரிஸ்யா கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். கழற்றப் பார்த்தார்கள், அசையவில்லை. வேலையில் நான் அவ்வளவு சுத்தம். அவள் அழுதாள். அப்போது விமானத் தாக்குதல் சைரன் ஊதியது. நிலவறைக்குச் சங்கத்தார் ஓடிய வேகத்துக்கு எல்லாப் பதக்கமும் அவர்களுக்கே தந்திருக்கலாம். ஆபத்து நீங்கி மேலே வந்ததும், அரையிறுதியில் இவளிடம் தோற்ற ரிவ்னே ஊர்ப் பெண் லாதா தன் சைக்கிளை நீட்டினாள். "எடுத்துக்கடி. சீட் உசரம். கால் எட்டலேன்னா நின்னுக்கிட்டே மிதி."

நின்றுகொண்டே மிதித்தாள், மச்சான்! ஒரு சக்கர அகலத்தில் ஜெயித்தாள்! நான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறிடம் போனார். உடனே சங்கத் தலைவர் ஓடிவந்து போட்டோவுக்காக அவள் தோளில் கை போட்டு, "இது நாங்க வளர்த்த பொண்ணு" என்றார். "அப்படியா சார்? என் பேரு என்ன?" என்று இவள் கேட்டாள். மனிதர் அவள் முதுகைப் பார்த்தார். "பதினேழு" என்றார்.

இப்போது போலந்தில் பயிற்சி முகாமாம், தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன். ஆரம்பித்து வைத்த நீங்களே வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.

உங்கள் முழங்கால் வலி தீரட்டும், மனைவி மக்கள் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் மாறாத
லெவ்கோ

பின்குறிப்பு: ஒரிஸ்யா இதைப் படித்துவிட்டாள். "நீங்க வேணாம்னா போகலப்பா" என்று மரியாதையாகச் சொன்னாள். பதினாறு வருஷத்தில் முதல் மரியாதை, தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவளை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரும்போது இரண்டு கைக்குட்டை கொண்டுவாருங்கள், ஒன்று உங்களுக்கு.