மாப்பிள்ளை போட்ட குண்டு

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் இரண்டும் நீங்கலாக. அங்கே நீங்களும் தங்கச்சியும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். தன் புருஷன் பேச்சு வருகிற இடத்தில் மட்டும் பேனாவில் மை வற்றிவிடுகிறதாம்.

விஷயம் இதுதான். நம்ம மாப்பிள்ளை வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிற தற்காலிக வேலையில் இருக்கிறார் இல்லையா, அதை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்க நேற்று மேலதிகாரியே கூட நடந்து வந்தார். கூட்டம் குறைச்சலாகத் தெரியக்கூடாதென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. திறக்கவில்லை. தாத்தா காலத்துச் சண்டையில் பீரங்கி பிளந்த மதிலைக் காட்டினார், சும்மா இருந்தேன். அப்பா காலத்துச் சண்டையில் சிப்பாய்கள் குதிரை கட்டின பள்ளிக்கூடத்தைக் காட்டினார், அப்போதும் சும்மா இருந்தேன். கடைசியில் நம்ம காலத்துச் சண்டைக்கு, நீங்களும் நானும் பதுங்கின அதே பாலத்தடிக்குக் கூட்டிப்போய், "இப்ப குண்டு வர்ற சத்தத்தக் கேளுங்க" என்று கையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டினார்.

வாயைத்தானே திறக்கக் கூடாதென்றார்கள், படுக்கக் கூடாதென்று யார் சொன்னது? அந்த விசில் கேட்டதுதான் தெரியும், சாக்கடை ஓரத்தில் குப்புறக் கிடக்கிறேன். எதிர்க்கடை சலூன்காரர் பாதி மழித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் இடப்பக்கம் விழுந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் காய்கறி வண்டிக்கு அடியில். சலூன்காரர் தலையைத் தூக்காமலே, "இது யாரு போடுற குண்டுண்ணே?" என்றார்.

"என் மாப்பிள்ளடா" என்றேன்.

வந்தவர்கள் கை தட்டினார்கள், மச்சான். எனக்கோ வலது கை தானாகப் போய் அன்றைக்குப் போலவே உங்கள் தலையை அமுக்கத் தேடுகிறது, அங்கே வெறும் மண். மேலதிகாரி, ஆட்களை எங்கே பிடித்தீர்கள், அசல் மாதிரியே விழுகிறார்களே என்று கேட்க, மாப்பிள்ளை "நம்ம ஆளுங்கதான் சார்" என்று சொல்லிவிட்டார். வேலை நிரந்தரம். ஆனால் தினமும் நாங்கள் விழ வேண்டும். இங்கே பேனா நின்றுவிட்டது. "அவரு பாவம்ப்பா" என்கிறாள். விழுகிறவன் பாவமில்லையா?

என்னால் ஆகாது. ஒரு சண்டைக்கு ஒரு தரம் விழுந்தால் போதும். மாதம் முடிவதற்குள் பெட்டியோடு அங்கே வந்துவிடுகிறேன், முன்னறையில் ஒரு கட்டில் போட்டு வையுங்கள். தங்கச்சிக்கு என் ஆசி, உங்களுக்கு என் வணக்கம், சத்தமில்லாத உங்கள் தெருவுக்கும் ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
இன்னும் மண் தட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சான்

பி.கு.: கட்டில் வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள், இன்று காலை தபால்காரர் எனக்கு முந்தி விழுந்து கைதட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டார், நாளைக்கு விடுவதாக இல்லை. சலூன்காரர் மெதுவாக என் வலப்பக்கம் நகர்ந்து வரப் பார்த்தார். அது ஆள் இருக்கிற இடம் என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் கிளம்பி வாருங்கள்.