நூற்றுக்கு நூறு தூய கெண்டை

அழிந்துவரும் ஆற்றுமீன்களைக் காப்பதற்கென்றே அரசு ஒரு துறை வைத்திருந்தது. அதில் மீனோடு பழகியவர் ஒரே ஒருவர்தான்: தொட்டிக்காரர். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒன்பது பொன்வரிக் கெண்டைகளையும் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்துவந்தார். அவற்றில் ஒன்று சினையாகிவிடவே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மரபணுச் சோதனை மோகம் துறைக்குள் நுழைந்தது. ஊரெல்லாம் செய்கிறார்களே, நாம் மட்டும் சும்மா இருப்பதா? இயக்குநர் ஒன்பது மீனின் செதிலையும் சோதனைக்கு அனுப்பினார். ஒப்பிட ஓர் அசல் வேண்டுமே என்று, அலமாரியில் ஐம்பது வருஷமாகச் சீசாவில் ஊறிக்கொண்டிருந்த செத்த கெண்டையின் செதிலும் போனது.

முடிவு வந்தது. ஒன்பதிலும் நூற்றுக்கு மூன்று பங்கு வேற்றின மீனின் கலப்பு. சீசா மீன் மட்டும் சீசா மீனோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது.

“கலப்பைக் காப்பாத்த விதியில இடமில்லை,” என்றார் இயக்குநர்.

“சார், ஜோடி கிடைக்காம இதுங்க பாட்டன் காலத்துல பக்கத்து வீட்டுல சம்பந்தம் பண்ணிக்கிச்சு. அந்தப் பக்கத்து வீட்டு மீனைக் கொண்டுவந்து ஆத்துல விட்டதே நம்ம துறைதானே?” என்றார் தொட்டிக்காரர்.

“அது அப்போதைய திட்டம். இது இப்போதைய திட்டம்.”

“அப்போ ஆத்துலயாவது விட்டுடட்டுமா?”

“அங்க இருக்கிற தூய இனம் கெட்டுப்போயிடுமே!”

“அங்கதான் ஒண்ணுகூட இல்லையே சார்!”

“அதனாலதான் தூய்மையா இருக்கு.”

உரிய பரிசீலனைக்குப் பின் ஆணை பிறந்தது: தொட்டித் தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டார் இனித் தூய இனத்துக்கு மட்டும். மோட்டாரைக் கழற்றிச் சீசாவில் பொருத்தினார்கள். தொட்டிக்காரர் மூன்று நாள் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றிப் பார்த்தார். நாலாம் நாள் காலை ஒன்பதும் மிதந்தன, சினைமீன் உட்பட. மனிதர் ஈரத்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வேறென்ன செய்வார்?

ஆண்டறிக்கையில் ‘இறப்பு: ஒன்பது’ என்று எழுதிக்கொடுத்தார். இயக்குநர் அதை அடித்துவிட்டு ‘இறப்பு: இல்லை’ என்று திருத்தினார். இனத்தையே சேராதவை இனத்தின் கணக்கில் எப்படிச் சாகும்?

துறை தொடங்கிய நாளிலிருந்து இறப்பே இல்லாத ஆண்டு வாய்த்ததில்லை. விழா எடுத்தார்கள். நடுமேடையில் சீசா குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அமைச்சர் குனிந்து பார்த்து, “ஏன் அசையவே மாட்டேங்குது?” என்று கேட்டார்.

“அவ்வளவு பாதுகாப்பா இருக்கு சார்,” என்றார் இயக்குநர்.

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். மற்ற ஆறுகளின் மீன்களுக்கும் இதே திட்டம் என்று அங்கேயே உத்தரவானது. எல்லாச் சீசாக்களுக்கும் தலைமைக் காப்பாளராகத் தொட்டிக்காரருக்குப் பதவி உயர்வு என்றும் அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தார். முதல் வரிசையில் மனைவியும் மச்சானும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையேறி ஆணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“முதல்ல எந்த மீனைச் சீசாவுல போடணும் சார்?” என்று கேட்டார்.