கோட்டுப் போட்டு மரம் ஏறினவனுக்கு

சுண்டுக் கண்ணு,

கரடியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து உன் அக்கா காவேரி எழுதுவது. நானும் உன் சேவலும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் மண்ணுக்குள் போனவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று நான் படித்த மூன்றாம் வகுப்புவரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கேயாவது குளிர் குறைவாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ செத்துப்போனது எல்லோருக்கும் தெரிகிறது. என்ன ஆளாகச் செத்தாய் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. என் தம்பி வேலை செய்யும்போது செத்தான் என்று ஒரு வாய் சொல்ல வேண்டும், ஒரே ஒரு வாய். அதற்காகப் புரட்டாசியிலிருந்து இந்த மலையில் மேலும் கீழும் நடந்து என் முழங்கால் தேய்ந்துவிட்டது.

எல்லாம் அந்தக் கறுப்புக் கம்பளிக் கோட்டு செய்த வேலை. எஸ்டேட் துரை உன்னை மேஸ்திரி ஆக்கியபோது பழைய மேஸ்திரியின் கோட்டை உனக்கு மாட்டிவிட்டார்கள். அவர் ஆறடி ஆள், நெட்டச்சி நானே அவர் காதுக்குத்தான் வருவேன், நீயோ சுண்டு. கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்கியது, கை விரல்கூட வெளியே தெரியவில்லை. "ஏனுங்கக்கா, கோட்டுத் தனியா நடந்து போகுதே, உள்ளார ஆருங்க?" என்று பழம் பறிக்கிற பொன்னாயி கேட்டு லைனே சிரித்தது. ஆபீஸ் ரைட்டர் வேலுசாமி உனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: "கையைப் பின்னால கட்டிக்கோ. வாய் மட்டுந்தான் வேலை செய்யோணும். மேஸ்திரி கை வெச்சான்னா மருவாதி போயிரும்." டீக்கடையில் அதுவரை வாசல் கல்லில் உட்கார்ந்தவனை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கல்லில் இருந்த உன் கூட்டாளிகள் உன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "பெஞ்சு கெடச்சுது, பேச்சுப் போச்சுக்கா" என்று வந்து சொன்னாய்.

அந்த வாரம்தான் சேலத்துக் காலேஜில் சமூகவியல் சொல்லித்தரும் கலாவதி அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லைனுக்கு வந்தது. ஏழை பணக்காரன் ஏன் என்பதற்கு ஒரு படிப்பாம். "ஒரு சாரார், தோட்டம் தொழிற்சாலை வெச்சிருக்கறவங்க ஒரு பக்கம், கையை மட்டும் வெச்சிருக்கறவங்க ஒரு பக்கம்னு சொல்றாங்க. இன்னொரு சாரார், அது மட்டும் போதாது, மரியாதை, படிப்பு, அதிகாரம் எல்லாம் சேர்த்துப் பாக்கணும்கிறாங்க" என்று அந்தம்மா பொறுமையாகச் சொல்லிற்று. நீ கோட்டுக் கையை ஆட்டிக்கொண்டு, "ஏனுங்கம்மா, தோட்டமும் இல்லாம, இருக்கற கையையும் பின்னால கட்டுனவன் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாய். அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இதைப் பரீட்சையில் கேட்கப்போவதாகச் சொல்லிற்று. நானும் சிரித்தேன், பாவி.

அப்புறம் காப்பிச் செடிக்கு நிழல் தருகிற மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை வந்தது. கிழவர் சின்னசாமி பாதி மரத்தில் கால் நடுங்கி நிற்கிறார், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் வேலை செய்திருக்க வேண்டும். அவரை இறக்கிவிட்டு, அவர் கத்தியை வாங்கிக்கொண்டு, கோட்டோடு நீ ஏறினாய். வெட்டின கிளையின் முண்டில் கோட்டு மாட்டியது. அதைப் பிடுங்கத் திரும்பினாய், கால் வழுக்கியது. கீழே வந்துவிட்டாய்.

சாவு வீட்டுக்குக் கூலியாட்கள் சங்கத்துக்காரர் பெரியநாயகம் கொடியோடு வந்தார். கோட்டைப் பார்த்ததும் கொடியைத் துண்டு மாதிரி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "மேஸ்திரிமாருக்குக் கொடி போத்தறதில்லைங்க, காவேரி." ஆபீஸ்காரர்கள் தங்கள் ஆள் செத்தால் காசு போட்டு வாங்குகிற மாலையாவது வரும் என்று பார்த்தேன். நீ இன்னும் நிரந்தரம் ஆகவில்லையாம், மாலை வரவில்லை. கொடியும் இல்லாமல் மாலையும் இல்லாமல் வெறும் துணியில் போனாய். அதற்குள் ரைட்டரின் ஆள் வந்து, "கோட்டு எஸ்டேட்டுதுங்க, தோள்பட்டைக் கிழிசலைத் தெச்சுக் குடுத்துருங்க" என்றான். உன் ரத்தம் பட்ட இடத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, கறுப்புத் துணியில் அது தெரியாது.

சாவுப் பணம் கேட்டு ஆபீசுக்குப் போனேன். ரைட்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்: "மரம் ஏறறது கூலியாள் வேலை. உங்க தம்பி செங்கோடன் மேஸ்திரி. மேஸ்திரி மரம் ஏறுனா அது அவன் சொந்த ஆசைங்க." "அப்போ மேஸ்திரிக்கு உண்டானதைக் குடுங்க" என்றேன். "அதான் நிரந்தரம் ஆகலையே." "அப்போ கூலியாளுக்கு உண்டானது?" "கூலியாளுக்கு ஏதுங்க கோட்டு?" ஏறும்போது கூலிக்காரன், விழும்போது மேஸ்திரி, தரையில் கிடக்கும்போது யாருமில்லை. சங்கத்துக்குப் போனால் கோட்டுப் போட்ட அன்றைக்கே உன் பேரை எடுத்துவிட்டார்களாம்.

கலாவதி அம்மா துக்கம் கேட்க மறுபடி வந்தது. வரக்காப்பி கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல நிக்கறவங்களுக்கு எங்க பாடத்துல பேர் வெச்சிருக்காங்கம்மா, இடந்தான் வெக்கலை" என்று அழுதது. நல்ல பொம்பளை.

கிழிசலைத் தைத்துவிட்டேன். நாளைக்கு அந்தக் கோட்டை ரைட்டர் மேசைமேல் விட்டெறிந்துவிட்டு, குப்பனூரில் சித்தி வீட்டுக்கு இறங்கிவிடுவேன். அதன் நிழல்கூட இனி என்மேல் படாது. நீ போன இடத்தில் அம்மாவும் அப்பாவும் இருந்தால் என் கும்பிட்டைச் சொல். உனக்கு அக்காவின் ஆசீர்வாதம். ஆயுசைச் சேர்த்து வாழ்த்த முடியவில்லை, மற்றதெல்லாம் உனக்கே.

இப்படிக்கு,
காவேரி

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டுத்தான் சுண்டு, ஆபீசுக்குப் போனேன். கோட்டை விட்டெறியவும் செய்தேன். அங்கே துரையே இருந்தார். கோட்டையும் என்னையும் பார்த்தார். "இவ உயரத்துக்குச் சரியா இருக்கும் போலிருக்கே. பழம் பறிக்கற பொம்பளைங்களுக்கு ஒரு பொம்பளையே மேஸ்திரியா இருக்கட்டும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "உன் தம்பி வேலையில செத்தான், பாவம், நல்ல பையன். நீயாவது போட்டுக்க" என்றார். அந்த ஒரு வாய், கண்ணு. ரைட்டர் காதுபடச் சொன்னது. பணம் வரவில்லை, எழுத்திலும் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார். நான் கையை நீட்டிக் கோட்டுக்குள் விட்டேன்.

எனக்கு அளவு சரியாக இருக்கிறது. நேற்று சரிவில் பொன்னாயி பழ மூட்டையைத் தலைக்குத் தூக்க முடியாமல் நின்று என்னைப் பார்த்தாள். "அக்கா" என்றுகூடக் கூப்பிடவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். மேலே ரோட்டில் ரைட்டர் நின்றுகொண்டிருந்தார். என் கை பின்னாலேயே இருந்தது. சின்னசாமி கால் நடுங்கி நின்ற அன்றைக்கு, உன் கையை நீ எப்படியடா அவிழ்த்தாய்?